பையைத் திறந்தவர்கள் யாரும் மன்னிப்பு கேட்கவில்லை

சனிக்கிழமை நடந்தது நம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் முழுக் கதையையும் திரும்ப எழுதவில்லை. நிச்சயதார்த்த வீட்டில் ஒரு போனைக் காணவில்லை என்று, அதே தெருவில் நான் நடத்தும் சாயங்கால மையத்துக்குள் வந்து பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்தீர்கள். போன் கிடைத்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர் காரிலேயே, பின் சீட்டு இடுக்கில் கிடந்திருக்கிறது. ராத்திரி 9.40க்கு குரூப்பில் செய்தி வந்தது: "போன் கிடைத்துவிட்டது. தேட உதவிய அனைவருக்கும் நன்றி." கீழே 17 பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

அதற்குக் கீழே இன்னொரு வரி வரும் என்று நாலு நாள் காத்திருந்தேன். வரவில்லை.

34 பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்தீர்கள். அதில் ஒரு பிள்ளையிடமாவது ஒருவராவது மன்னிப்பு கேட்டீர்களா? இதைத்தான் கேட்கிறேன். போலீசுக்குப் போகப் போகிறேனா என்று இரண்டு பேர் போன் செய்து விசாரித்தார்கள். போகவில்லை. யார் வீட்டு விசேஷத்தையும் கெடுக்க எனக்கு ஆசை இல்லை. பிள்ளைகளின் பெயரையும் இங்கே எழுத மாட்டேன், போட்டோவும் போட மாட்டேன். நான் கேட்பது ஒரே ஒரு வார்த்தை.

நம் மையத்தை "டியூஷன்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் 5 மணியிலிருந்து 7.30 வரை திறந்திருக்கும் இரண்டு அறை வீடு அது. பிள்ளைகள் கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர் குப்பத்திலிருந்தும், கெடிலம் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்தும் வருகிறார்கள். செருப்பை வாசலில் வரிசையாக விட்டு, குழாயடியில் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். அது நான் போட்ட சட்டம் இல்லை, அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். கீழே விரித்திருக்கும் பாய்தான் அவர்களுக்கு பெஞ்சு, அதே பாயில்தான் சுண்டல் சாப்பிடுவார்கள், சின்னதுகள் அதிலேயே தூங்கியும் போகும்.

அம்மாக்களில் பாதிப் பேர் மீன் கூடை சுமப்பவர்கள். விடியற்காலை 3 மணிக்கே துறைமுகத்து ஏலத்துக்குப் போக வேண்டும். மீதிப் பேர் வீட்டு வேலை, சிப்காட்டில் காண்டிராக்ட் வேலை. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ராத்திரி ஏழு வரை பல வீடுகளில் பெரியவர்கள் யாரும் இருப்பதில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று அந்த வீடுகளில் இருந்தால்தான் தெரியும். பையனை ஐஸ் தூக்க ஒருவர் கூப்பிடுவார், இறால் உரிக்க இன்னொருவர் கூப்பிடுவார். கையில் ஐம்பது ரூபாய் கிடைக்கும். அந்த ஐம்பது ரூபாய்தான் ஒன்பதாவதோடு அவன் படிப்பை நிறுத்தும். பெண் பிள்ளை என்றால் அடுப்பும் தம்பியும் அவள் பொறுப்பு.

"எல்லாம்தான் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறதே, உங்கள் மையம் எதற்கு" என்று குரூப்பில் ஒருவர் எழுதியிருந்தார். கொடுக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் பிள்ளைகளை நிமிர வைத்திருக்கிறது, அதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாவதுக்குப் போன பையனுக்குக் காலைப் பசி நின்றுவிடுமா? மதியம் சத்துணவு. அதற்குப் பிறகு ராத்திரிச் சோறுதான். கொரோனாவுக்குப் பிறகு 2021ல் அரசே "இல்லம் தேடிக் கல்வி" என்று சாயங்கால வகுப்பைக் கொண்டுவந்ததே, எதற்கு? அந்த நேரம்தான் பிள்ளை கை நழுவிப்போகும் நேரம் என்று அவர்களுக்கும் தெரிந்ததால்தானே?

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆறு ஆண்கள் உள்ளே வந்தார்கள். வந்ததும் ஒருவர் "யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்றார். பாதிப் பிள்ளைகளுக்கு எதற்கென்றே புரியவில்லை. நாலாவது படிக்கும் இருளர் பழங்குடி வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் மட்டும் எழுந்து, யாரும் கேட்காமலே தன் கால்சட்டைப் பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டிக்கொண்டு நின்றான். ஒரு பையில் ஓட்டை. பத்து வயது கூட நிறையவில்லை. திருட்டு என்ற சத்தம் கேட்டால் முதலில் தன்னைத்தான் பார்ப்பார்கள் என்று இந்த வயதில் அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க நாங்கள் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம். அப்பாவும் தாத்தாவும் பள்ளிக்கூடம் போகாத வீட்டில் ஆதாரம் என்று காட்டக் காகிதம் ஏது? அவன் யார் என்று எழுதித் தர இத்தனை யோசனை. அவன்மேல் சந்தேகப்பட ஒரு நிமிஷம் போதும்.

ஒரு பையில் நோட்டுத் தாளில் மடித்த பொட்டலம் இருந்தது. "இது என்னடா, எங்கேர்ந்து எடுத்த?" என்று பிரித்தார் ஒருவர். அன்று கொடுத்த கொண்டைக்கடலை சுண்டல். பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தங்கைக்கு வைத்திருந்தான்.

அதைப் பார்த்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

1992ல் நான் கடலூர் முதுநகரில் ஆறாவது படித்தேன். அப்போது சத்துணவில் இப்போது போல வாரம் ஐந்து முட்டை கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான். முட்டை போடும் நாள் எங்களுக்குத் திருவிழா. வீட்டில் சின்னத் தங்கை, பள்ளிக்கூடம் சேர்க்காத வயது. என் முட்டையை உரிக்காமல் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். அன்று மதியம் வகுப்பில் ஒரு பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸ் காணவில்லை. டீச்சர் நாற்பது பேரில் நான்கு பேரைத்தான் எழுப்பினார். நான்கு பேரும் சத்துணவு சாப்பிடுகிறவர்கள். என் மஞ்சள் பையை மேஜைமேல் தலைகீழாகக் கொட்டினார். முட்டை உருண்டு சிமெண்ட் தரையில் விழுந்து நசுங்கியது. மஞ்சள் கரு உதிர்ந்ததை நான் பொறுக்கப் போனேன், "அசிங்கம், விடு" என்றார். திங்கட்கிழமை அந்தப் பெண் ஜாமெட்ரி பாக்ஸோடு வந்தாள். வீட்டிலேயே வைத்துவிட்டாளாம். டீச்சர் என்னைப் பார்த்து, "சரி, உட்காரு" என்றார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த டீச்சர் நல்லவர்தான், கணக்கு அருமையாக எடுப்பார். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் எனக்கு ஞாபகம் வருவது கணக்கு இல்லை.

"போன் தொலைந்த பதற்றம், யாரையும் புண்படுத்தணும்னு செய்யலை" என்கிறீர்கள். நம்புகிறேன். போனைத் தொலைத்த அந்த வீட்டு அக்கா அழுதுகொண்டிருந்ததை நானும் பார்த்தேன். போனில் பேரனின் போட்டோ எல்லாம் இருந்ததாம், யாருக்கும் பதறும். ஆனால் அந்தப் பதற்றத்தில் பந்தலில் உட்கார்ந்திருந்த நூறு பேரில் யாருடைய கைப்பையைத் திறந்தீர்கள்? சமையல்காரர், நாற்காலி போட்ட பையன், எங்கள் பிள்ளைகள். பதற்றத்திலும் யாரிடம் போகலாம், யாரிடம் போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

"ஏழைப் பிள்ளைகள் என்றால் எல்லாரும் உத்தமர்களா? உங்கள் மையத்திலேயே பணம் காணாமல் போகவில்லையா?" போனது. மறைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டப்பாவிலிருந்து 200 ரூபாய் போனது. எடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியும், அவனே மூன்றாம் நாள் வந்து சொன்னான். அது மே மாசம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. அப்பாவுக்கு வேலை இல்லை, அம்மாவுக்கு ஏலம் எடுக்க மீன் இல்லை. நிவாரணத் தொகை வருகிறது, கடன்காரனுக்குப் போகிறது. அவன் அந்தக் காசில் வீட்டுக்கு அரிசி வாங்கியிருந்தான். தப்புத்தான். தப்பு என்று அவனிடமே சொன்னேன். ஊரைக் கூட்டிப் பையைக் கவிழ்க்கவில்லை. இன்று அவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், சனிக்கிழமை சின்னதுகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தர வருவான். அன்றும் வந்திருந்தான். அவன் பையையும்தான் பார்த்தீர்கள்.

"வெளிநாட்டுப் பணம்", "விளம்பரம்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு நோட்டு மையத்தில் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

"மையத்தை அவங்க குப்பத்திலேயே வைக்கலாமே, நம்ம தெரு எதற்கு?" இதை எழுதியவரை நான் சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிடுகிறேன். மாமா, 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் போன கையோடு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்ததே, நம் தெருவில் இடுப்பளவு நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? ஃபைபர் படகை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தது யார்? அத்தையைத் தோளில் தூக்கி மாடிப்படியிலிருந்து படகில் இறக்கியவருடைய மகளின் பையைத்தான் சனிக்கிழமை உங்கள் வீட்டுப் பையன் திறந்தான்.

அந்தப் பிள்ளை ஒன்பதாவது படிக்கிறாள். பையில் பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் நாப்கின் இருந்தது. பையன்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, வளர்ந்த ஆம்பிளை ஒருவர் அதை எடுத்துப் பாயில் வைத்தார். கைது செய்த பெண்ணைச் சோதிப்பதென்றால்கூடப் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியமாகச் செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது போலீசுக்கு. தெருக்காரர்களுக்கு எந்தச் சட்டம் இந்த உரிமையைக் கொடுத்தது? அவள் ஒரு சத்தம் போடவில்லை. எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அதோடு வரவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால் நான் பொய்க்காரி. அவர்கள் உள்ளே வந்தபோது நான் முதலில் "நில்லுங்க, பிள்ளைங்க இருக்காங்க" என்றேன். ஒருவர், "நீங்க ஒதுங்கிக்கோங்க மேடம், உங்களைச் சொல்லலை" என்றார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. அப்போது நானே பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன்: "நீங்க எடுக்கலைன்னா என்ன பயம்? பையைத் திறந்து காட்டுங்க."

சொன்னது நான். டீச்சர் சொன்னதால்தான் அவர்கள் திறந்தார்கள். 1992ல் என்னிடம் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், "எடுக்கலைன்னா என்ன பயம்?" என்று. அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று நாலு ராத்திரியாகத் தூக்கமில்லை. உங்கள்மேல் இருக்கும் கோபத்தில் பாதி என்மேல்தான்.

திங்கட்கிழமை 34 பேரில் வந்தது 21 பேர். அவர்களிடம் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நான் உங்க பக்கம் நிக்கலை. தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க" என்றேன். சின்னதுகள் சிரித்தன. பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இருளர் வீட்டுப் பையன், "பரவால்ல டீச்சர், கெடைச்சிடுச்சில்ல" என்றான். போன் கிடைத்ததில் அவனுக்குத்தான் உண்மையான நிம்மதி.

நேற்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அம்மா திண்ணையில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். கை நிறையச் செதில். நான் பேச ஆரம்பித்ததும், "வுடுங்க டீச்சர், எங்களுக்கு இது புதுசா" என்று சொல்லி டீ வைக்க எழுந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கு டீ கொடுத்தார்கள்.

அவள் கணக்கில் கெட்டிக்காரி. பிளஸ் ஒன்னில் கணக்கு பாடம் எடுக்கணும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் வராமலே போய்விட்டால் அவளை எந்த இடுக்கில் தேடி எடுப்பது?

குரூப்பிலிருந்து என்னை நீக்க வேண்டும் என்றால் நீக்கிக்கொள்ளுங்கள். மையத்தை மூடச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறீர்கள், அதுவும் தெரியும். அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேறு வீடு பார்ப்பேன்.

அதுவரை தினமும் 5 மணிக்குத் திறந்திருக்கும். அந்த ஆறு பேரில் ஒருவர் வந்தால்கூடப் போதும். பேச்செல்லாம் வேண்டாம், ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரும்போது செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். அன்று செருப்போடுதான் பாய்மேல் ஏறினீர்கள். நீங்கள் போன பிறகு பிள்ளைகள்தான் அந்தப் பாயைக் குழாயடியில் கழுவிக் காயப்போட்டார்கள்.