மச்சான் பெயரில் ஒப்பந்தம்

உள்ளாட்சி உறுப்பினர்கள் தங்கள் தொழில், சொத்து விவரங்களை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை படித்தேன். கட்டுரையாளர் சொல்வது சரி. ஆனால் உறுப்பினர்களே ஒப்பந்த வேலை எடுப்பதைத் தடுக்கச் சட்டமே இல்லாதது போல எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. ஊராட்சி ஒப்பந்தத்தில் பங்கு உள்ளவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் எங்கள் திருவாரூர் பக்கம் விவரமானவர்கள் சொந்தப் பெயரில் வேலை எடுப்பதில்லை. மச்சான் பெயர், இல்லையென்றால் டிராக்டர் ஓட்டுகிற பையன் பெயர்.

ஊராட்சி எடுக்கும் சின்ன வாய்க்கால் தூர்வாரும் வேலையைப் பாருங்கள். ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பைச் சொல்லி, மே கடைசியில் அவசர அவசரமாகப் பொக்லைன் இறங்கும். கரையில் இருக்கும் கோரையைச் சுரண்டி, மேல்மண்ணை இரண்டு பக்கமும் ஒதுக்கினால் புதிதாக வெட்டியது போலத் தெரியும். தண்ணீர் வந்துவிட்டால் ஆழத்தை யார் அளப்பது? முடிந்த வேலையைக் குறித்து வைக்கும் அளவுப் புத்தகத்தில் எழுதியதுதான் கணக்கு. வேலை எடுத்தவரும் பில்லுக்குக் கையெழுத்துப் போடுபவரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள் என்றால் அப்புறம் கேள்வி எங்கிருந்து வரும்?

புகார் தர 2014 சட்டப்படி, உள்ளாட்சி முறைகேடுகளை விசாரிக்கும் முறைமன்ற நடுவம் இருக்கிறது. ஆனால் பினாமி என்று காட்டும் பாடு புகார் கொடுத்தவன் தலையில். ஆகவே உறுப்பினர்களுக்கு என்ன உறவுமுறை என்று ஒப்பந்தக்காரரிடமும் எழுதி வாங்க வேண்டும். அதைக் கிராம சபையில் வாசிக்கட்டும். யார் யாருக்கு என்ன முறை என்று ஊருக்குத் தெரியும், பொய் சொல்ல முடியாது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வாசித்துப் பயனில்லை, அப்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடும். மே 1 கூட்டத்திலேயே யாருக்கு வேலை, எத்தனை அடி ஆழம் என்று சொல்லிவிட வேண்டும்.