தேன் பாட்டில் கேனோபி

இந்த வாரம் மட்டும் எஃப்-16 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் படங்கள் மூன்று கண்ணில் பட்டன. மூன்றிலும் கேனோபி, அதாவது விமானியின் மேல் மூடும் கண்ணாடிக் கூடு, தேன் பாட்டில் மாதிரி இருக்கிறது. பெயிண்ட், டீக்கால் (ஒட்டும் சின்னங்கள்) எல்லாம் அருமை. விமானி மட்டும் தேனில் விழுந்த எறும்பு போல உட்கார்ந்திருக்கிறார்.

நானும் செய்த தப்புதான் இது. அக்ரிலிக் தரை பாலிஷில் தமியா கம்பெனியின் எக்ஸ்-24 என்ற தெளிந்த மஞ்சள் பெயிண்ட்டைக் கலந்து கேனோபியை முக்கி எடுத்தேன். கிண்ணத்தில் வெளிறித்தான் தெரிந்தது. மாட்டிப் பார்த்தால் கடுந்தேநீர்! அப்புறம்தான் உறைத்தது: முக்கினால் உள்ளும் புறமும் பூச்சு ஏறும். பக்கவாட்டில் பார்க்கும்போது இந்தப் பக்கச் சுவர், அந்தப் பக்கச் சுவர் என்று நான்கு பூச்சைத் தாண்டித்தான் பார்வை போகிறது.

நிஜ விமானத்தில் அது சாயமே இல்லை. ரேடார் அலை கண்ணாடி வழியே நுழைந்து இருக்கை, கருவிகள், ஹெல்மெட் என்று மோதித் திரும்பாமலிருக்கப் பூசிய மெல்லிய உலோகப் படலம். வானம் அதில் பளிச்சிடும் கோணத்தில்தான் பொன்னிறம் தெரியும். நேராகப் பார்த்தால் லேசான புகைநிறம், அவ்வளவுதான். பிரவுலர் என்ற அமெரிக்க விமானத்தில் கதை வேறு: எதிரி ரேடாரைக் குழப்பும் தன் ஜாமர் கருவிகளின் அலையிலிருந்து தன் ஆட்களையே காக்கத்தான் அதன் கண்ணாடியில் தங்கப் படலம் இருந்தது. எல்லா எஃப்-16-க்கும் இது கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். 1979-இல் இந்த விமானம் படையில் சேர்ந்தபோது இந்தப் பூச்சே இல்லை. எந்த விமானத்தைச் செய்கிறீர்களோ அதன் படத்தைப் பார்த்துவிட்டு மஞ்சள் புட்டியைத் திறங்கள்.

இப்போது ஒரு சின்னக் கிண்ணம் பாலிஷுக்கு மஞ்சள் மூன்று சொட்டு, எக்ஸ்-19 ஸ்மோக் என்ற புகைநிறப் பெயிண்ட் ஒரு சொட்டு. முதலில் மாடல் கிட்டில் மிஞ்சிய தெளிந்த பிளாஸ்டிக் துண்டை முக்கி வெள்ளைத்தாள் மேல் வைப்பேன். தாளில் நிறம் தெரிய வேண்டும், கருப்பு காக்பிட் மேல் தெரியவே கூடாது. சரி என்றால் கேனோபியை முக்கி, கீழ் ஓரத்தை டிஷ்யூவில் ஒற்றி, டப்பாவால் மூடி இரண்டு நாள் விட்டுவிடுவேன். கேனோபியின் நடுவில் ஓடும் அச்சுக் கோட்டை (வார்க்கும்போது விழும் தழும்பு) முக்குவதற்கு முன்பே தேய்த்துவிட வேண்டும்.

என் மகள் போன முறை கேட்டாள்: “இதுக்கு இன்னும் கலர் அடிக்கலையாப்பா?” எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

கெட்டுப்போனாலும் பயமில்லை, அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தில் ஊறப்போட்டால் பூச்சு கழன்றுவிடும். சூப்பர் குளூ ஆவி பட்டு வெண்மூட்டம் படிந்தால்தான் தலைவலி. ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை போதும்.