எங்க ஊரு மீன்

என் மனைவியின் சித்தப்பா நீலகிரியில் கோத்தகிரிக்காரர். மூன்று வாரம் சிங்கப்பூரில், பிடோக்கில் எங்கள் வீட்டில் தங்கிவிட்டுப் போன வியாழன்தான் ஊருக்குத் திரும்பினார். இருந்தவரை அவருக்கும் எனக்கும் ஒரே சண்டை. சொத்துச் சண்டை இல்லை, மீன் சண்டை.

ஆரம்பித்தது சூப்பர்மார்க்கெட்டில். சால்மனுக்குப் பக்கத்தில் ட்ரவுட் துண்டுகளைப் பாக்கெட் போட்டு அடுக்கியிருந்தார்கள். "மாப்ள, இது எங்க ஊரு மீன்!" என்றார், பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இல்லைங்க மாமா, அது வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டது" என்று சொல்லித் தொலைத்தேன். வீடு வரும்வரை மனிதர் பேசவில்லை.

நான் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. வானவில் ட்ரவுட்டின் சொந்த இடம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளும், எதிர்க்கரையில் ரஷ்யாவின் கம்சாட்காவும். நீலகிரியில் ட்ரவுட்டைக் குடியேற்ற 1860களிலேயே முயன்றவர் பிரான்சிஸ் டே. மதராஸ் ராணுவத்தில் மருத்துவர், இந்திய மீன்களைப் பற்றி அவர் எழுதியதை இன்றும் புரட்டுகிறார்கள். அவருக்கே அது கைகூடவில்லை. பிறகு வில்சன் என்பவர் வந்து, அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைந்து, ஓடைகளில் மீன் நிலைத்தது. ஊர்ச்சனம் சாப்பிட என்று யாரும் கொண்டுவரவில்லை. தோட்டத் துரைமாருக்கும் அதிகாரிகளுக்கும் தூண்டில் போட இங்கிலாந்து மாதிரி ஒரு ஓடை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை மாமா தயாராக வந்தார். "சரி, அந்தக் குளிர்ல மேலே வேற பெரிய மீன் ஏது? சும்மா ஓடின தண்ணியில விட்டாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

நல்ல கேள்வி. உலகம் முழுக்க ட்ரவுட் விடுகிறவர்கள் கேட்பதும் இதைத்தான். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஏரிகள் பலவற்றில் இயற்கையாக மீனே கிடையாது. 'சும்மா கிடக்கிறதே' என்று முதலில் கோவேறு கழுதைகளில் சுமந்துபோய் விட்டார்கள், பிறகு விமானத்திலிருந்தே குஞ்சுகளைக் கொட்டினார்கள். அங்கே மீன் இல்லாததால்தான் மஞ்சள்கால் தவளைகள் நிறைந்திருந்தன. ட்ரவுட் தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்த்தது. பூஞ்சை நோயும் சேர்ந்துகொண்டதால் பழி முழுவதையும் மீன் தலையில் போட முடியாது. ஆனால் சில ஏரிகளில் வலை போட்டு ட்ரவுட்டை எடுத்த பிறகு தவளைகள் திரும்பி வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறெங்கும் இல்லாத தவளை இனங்கள் எத்தனை! மீன் இல்லாத தண்ணீரை வெறும் தண்ணீர் என்று நினைப்பதில்தான் கோளாறே தொடங்குகிறது.

இதைவிட எனக்கு வலிப்பது காவிரிக் கதை. மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீன் குறைகிறது என்று, நல்ல எண்ணத்தோடுதான், பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். அது காவிரியின் மீன் இல்லை. காவிரிக்கும் மோயாற்றுக்கும் உரியது கூன்முதுகு மஹ்சீர், உலகத்தில் வேறெங்கும் இல்லாதது. தூண்டில்காரர்கள் பிடித்ததை எழுதி வைத்த பதிவேடுகளை ஆய்வாளர்கள் புரட்டியபோது, வருடம் ஏற ஏற நீலத்துடுப்பு பெருகியதும் கூன்முதுகு அருகியதும் தெரிந்தது. அதன் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானதே 2018இல்தான். அதற்குள் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. மீனைக் காப்பாற்றுகிறேன் என்று அதன் சித்தப்பா மகனை வீட்டுக்குள் விட்டால் இப்படியும் ஆகும். (மாமா, இது உங்களைச் சொல்லவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை மாமாவை பிடோக் நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கேதான் மாட்டினேன். மூன்றாவது வீச்சில் ஒரு பீக்காக் பாஸ். வாலில் கண் போல வட்டப்புள்ளி, மஞ்சள் மினுக்கும் உடம்பு. படம் எடுத்துவிட்டு, வழக்கம்போல் பதமாகத் தண்ணீரில் விட்டேன்.

"இது எந்த ஊரு மீன் மாப்ள?"

தென் அமெரிக்கா.

மாமா சிரித்த சிரிப்பை இங்கே எழுதிக் காட்ட முடியாது.

பீக்காக் பாஸை இங்கே எந்தத் துரையும் விடவில்லை. நம்மைப் போன்ற தூண்டில் ஆசாமிகளும் தொட்டி மீன் வளர்ப்பவர்களும்தான் காரணம். தோமானை நான் பல வருடம் நம்மூர் விரால் என்றே நினைத்திருந்தேன். அதையும் வெளியிலிருந்து வந்ததாகத்தான் ஆய்வாளர்கள் கணக்கில் வைக்கிறார்கள். அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் அமேசான் பக்கத்துத் திருக்கை குடித்தனம் நடத்துகிறது. ஜிலேபி மீன் ஜப்பானியர் காலத்தில் வந்தது. விசாக தினம் வந்தால் புண்ணியத்துக்கு விடுகிறவர்கள் வேறு. அனுமதியில்லாமல் விட்டால் வனவிலங்குச் சட்டத்தில் அபராதம் உண்டு என்று தேசியப் பூங்காக் கழகம் வருடா வருடம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

இந்தத் தீவின் சொந்த நன்னீர் மீன்கள்? அவற்றில் பாதியளவு நீ சூன் சதுப்புக் காட்டில் ஒண்டிக் கிடக்கின்றன. விரல் நீளம்கூட இல்லாத ஹார்லெக்வின் ரஸ்போராவை யாரும் நெஞ்சோடு அணைத்துப் படம் போடுவதில்லை. நானும் போட்டதில்லை.

என் கட்சி இதுதான்: பண்ணையில் ட்ரவுட் வளர்த்து விற்கட்டும், சமைக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஓடையில், ஏரியில் புதிதாக ஒரு குஞ்சுகூட விடக்கூடாது. இருக்கிறதைப் பிடித்தால் திரும்ப விடாதே. நூறு வருடம் இருந்துவிட்டதே, இனி அதுவும் ஊர்க்காரன்தானே என்று மாமா கேட்டார். மனிதர்களுக்கு அந்த நியாயம் சரி. என் தாத்தாவும் கப்பலில்தான் இங்கே வந்தார். ஆனால் அவர் பக்கத்து வீட்டுக்காரரைத் தின்னவில்லை.

நேற்று ஒரு கிலோ தேறும் பாஸ் ஒன்று கிடைத்தது. விடவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி செதில் உரசும் படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். கோத்தகிரியிலிருந்து உடனே பதில் வந்தது: "குழம்பா, வறுவலா?"