யூனிட் தீர்ந்த யுத்தம்

"நேற்றைய ரெஸ்லிங் ஷோ எப்படி இருந்தது? ஐந்து ஸ்டார் போட்டு எங்களை ஊக்கப்படுத்துங்கள்!" காலை ஏழு மணிக்கு வாட்ஸாப்பில் வந்து விழுகிறது. டாண் என்று ஏழு மணிக்கு. மாலை ஏழு மணிக்கு ஆரம்பம் என்று போஸ்டரில் போட்டுவிட்டு எட்டே முக்காலுக்கு முதல் மணியை அடித்த அதே புண்ணியவான்கள்தான். ஷோவைத் தவிர மற்றதெல்லாம் இவர்களுக்கு நேரத்துக்குச் செய்ய வருகிறது.

ஸ்டார்தானே வேண்டும்? போடுகிறேன். உட்காருங்கள்.

யாராவது ஒருவர் "அண்ணே, ரெஸ்லிங்கே பொய்யாச்சே, அதுக்குப் போய்..." என்று ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பொய்தான் தம்பி. தெரியும். டபிள்யூடபிள்யூஎஃப் என்கிற அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியே 1989இல் நியூ ஜெர்சி செனட்டுக்கு முன்னால், இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு, எங்களை விளையாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. அந்தச் சேதி திருநெல்வேலிக்கு வந்து சேரவில்லை. அதனால் நாங்கள் தொண்ணூறுகள் முழுக்க ரெஸ்லர் படம் போட்ட டிரம்ப் கார்டை வைத்துக்கொண்டு யாருக்கு செஸ்ட் பெரிசு, யாருக்கு பைசெப்ஸ் பெரிசு என்று சண்டை போட்டோம். அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவன் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்தோம். அப்புறம் உண்மை தெரிந்தது. தெரிந்தும் பார்க்கிறோம். கூத்து பார்க்கிறவன் துரியோதனன் எதிர்வீட்டு ஆறுமுகம் என்று தெரிந்துதானே பார்க்கிறான்? பொய்யைச் சொல்லு, ஆனால் முழுசாகச் சொல்லு. நான் கேட்பது அவ்வளவுதான். அதற்குத்தான் தலைக்கு 150 ரேண்ட் வீதம், நான், பையன், மாமனார், மச்சான் என்று நான்கு பேருக்கு 600 ரேண்ட் அழுதேன். மனைவி வரவில்லை. வீட்டில் புத்தியுள்ளவர் ஒருவராவது இருக்க வேண்டுமே.

இடம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஹால். எந்த ஹால் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் அங்கேயே ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

ரிங் பார்க்க மோசமில்லை. கேன்வாஸில் இரண்டு இடத்தில் பிரவுன் டேப் ஒட்டியிருந்தது, அது பரவாயில்லை. ஆனால் நான்கு கார்னரில் ஒன்றுக்கு பேட் இல்லை. அந்த இடத்தில் ஒரு சோஃபா குஷனை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ரோஜாப்பூ போட்ட குஷன். ஓரத்தில் சரிகை வேறு. ராத்திரி முழுக்க 110 கிலோ ஆட்களெல்லாம் போய்ப் போய் யாரோ ஒரு அம்மாவுடைய வரவேற்பறையில் முட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டிலோ இன்றைக்கு அந்தக் குஷனைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் நான்கு மேட்சைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பையன். கேப் டவுன் ஜஸ்டின் கேப்ரியல் 2010இல் நெக்சஸ் கோஷ்டியோடு டிவியில் வந்து, கார்னர் உச்சியிலிருந்து காற்றில் 450 டிகிரி சுழன்று விழுவார் இல்லையா, அதைத்தான் செய்யப் போகிறான் என்று மைக்கில் ஏகப்பட்ட பில்டப். பையன் ஏறினான். வானத்தைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டான். கீழே பார்த்தான். இறங்கி இரண்டாவது கயிற்றில் நின்றுகொண்டு குதித்தான். 450 டிகிரி என்றால் ஒன்றே கால் சுற்று, வயிறு கீழே பட வேண்டும். இவன் முக்கால் சுற்றில் முதுகு தரையில் பட 'பொத்'. மீதி 180 டிகிரியைத் தவணையில் தருவான் போல. பெண்கள் மேட்ச் மட்டும் உண்மையிலேயே அருமையாக இருந்தது. அதைப் புகழ்ந்து எழுதுகிற மனநிலையில் நான் இப்போது இல்லை.

சரி, மெயின் ஈவென்ட்டுக்கு வருகிறேன். சாம்பியன்ஷிப் பெல்ட். சிவப்பு டிரவுசர், பச்சை டிரவுசர் என்றே வைத்துக்கொள்வோம். சிவப்புதான் வில்லன். மைக்கைப் பிடித்து, "உங்க சாட்ஸ்வொர்த் பன்னி சௌவைவிட ஃபீனிக்ஸில் கிடைப்பது எவ்வளவோ மேல்" என்றான். அவ்வளவுதான், ஹால் பற்றிக்கொண்டது. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருகிற பன்னி சௌ எங்கள் மானப் பிரச்சினை, ஃபீனிக்ஸோ டர்பனிலேயே இன்னொரு பேட்டை. எழுபத்தாறு வயதான என் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முட்டிவலி என்று காலையில்தான் மாத்திரை போட்டவர். இதுதான் ரெஸ்லிங். இதற்குத்தான் 150 ரேண்ட். அந்த இரண்டு நிமிஷம் நான் மறுபடியும் டிரம்ப் கார்டுப் பையன் ஆகிவிட்டேன், ஒளிப்பானேன்.

மணி அடித்தது. நான்கு நிமிஷம் ஜோராகப் போனது. அப்புறம் சிவப்பு பச்சையின் தலையை இடது கக்கத்தில் இடுக்கி ஒரு ஹெட்லாக் போட்டான். ஹெட்லாக் எதற்கென்று தெரியுமில்லையா? மூச்சு வாங்கிக்கொள்ள. அடுத்து என்ன செய்வதென்று காதோடு காதாகப் பேசிக்கொள்ள. அரை நிமிஷம், மிஞ்சிப் போனால் ஒரு நிமிஷம். அப்புறம் கீழே இருப்பவன் கையை ஆட்டுவான், கூட்டம் கை தட்டும், உயிர் வந்து எழுவான்.

பச்சை கையை ஆட்டினான். கூட்டம் கை தட்டியது. கரண்ட் போனது.

'ஓ...' என்று ஒரு சத்தம். எல்லார் மனசிலும் ஒரே சொல்: லோட் ஷெடிங், முறை வைத்து வருகிற மின்வெட்டு. 2023இல் ஸ்டேஜ் 6 என்கிற கடும் மின்வெட்டையே பார்த்த சனம் நாங்கள். சமையல், படிப்பு, சீமந்தம் எல்லாவற்றையும் அட்டவணை பார்த்து நடத்தியவர்கள். கரண்ட் போனால் எங்களுக்குக் கோபமே வராது, உடம்பு தானாகவே டார்ச்சைத் தேடும். ஆனால் மச்சான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், தெரு லைட் எரியுது" என்றான். எதிர்க்கடையில் டிவி ஓடுகிறது. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போடுகிறார்கள். ஊருக்கெல்லாம் இருக்கிறது, எங்கள் ஹாலுக்கு மட்டும் இல்லை.

இருட்டிலிருந்து அமைப்பாளர் லானியின் குரல் வந்தது. "மன்னிக்கணும் மக்களே, மீட்டரில் யூனிட் தீர்ந்துவிட்டது."

ஐயா, ப்ரீபெய்ட் மீட்டர். முன்பணம் கட்டி ஏற்றிய யூனிட் இருக்கும் வரைக்கும்தான் கரண்ட். புகை எஃபெக்டுக்கு இரண்டு மெஷின், நுழைவாயிலில் சுழல் விளக்கு, ஆள் உயர ஸ்பீக்கர் நான்கு. இதெல்லாம் எதில் ஓடும் என்று யாருமே யோசிக்கவில்லை.

இனிமேல்தான் கதை. யூனிட்டுக்கு டோக்கன் வாங்கினால் மீட்டரில் அழுத்த 20 இலக்கம் வரும், தெரியும்தானே? நான்கு நான்காக ஐந்து கூட்டம். லானி போனில் வாங்கிவிட்டார். மீட்டர் பெட்டியோ ஹாலின் கடைசி மூலையில், ஆள் உயரத்துக்கு மேலே. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஒரு பையன் ஏறி நிற்கிறான். மைக் செத்துப்போனதால் லானி மேடையிலிருந்து கத்துகிறார்: "நாலு!" பையனுக்குக் கேட்கவில்லை. முன்வரிசை அக்கா ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார்: "நாலு!" நடுவரிசை: "நாலு!" பின்வரிசை: "நாலு!" அடுத்து "ஏழு!" ஹாலே சேர்ந்து "ஏழு!" தைப்பூசத்துக்குக் காவடி ஏறும்போதுகூட இப்படி ஒற்றுமையாகக் குரல் எழும்பி நான் கேட்டதில்லை. அன்று இரவு கூட்டம் அதிகமாகச் சத்தம் போட்டது எந்த வீரனுக்கும் இல்லை, அந்த 20 இலக்கத்துக்குத்தான். இருபதாவது இலக்கம் முடிந்து என்டர். மீட்டர் 'பீப் பீப் பீப்' என்று துப்பிவிட்டது.

நடுவில் ஏதோ ஒரு வாண்டு வேண்டுமென்றே "ஒன்பது" என்று கத்தியிருக்கிறான். என் மகன் இல்லை. இல்லை என்றுதான் சொல்கிறான்.

மறுபடி முதலிலிருந்து. நாலு! நாலு! ஏழு! ஏழு! பீப் பீப் பீப்.

இப்போது லானி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறார். டோக்கன் என்பது ஒரு மீட்டருக்கு என்று வாங்கினால் அந்த மீட்டரில் மட்டும்தான் ஏறும். இவர் வாங்கியது தன் வீட்டு மீட்டருக்கு. போனில் சேமித்து வைத்திருந்த நம்பர் அதுதானாம். இரண்டு தடவை நாங்கள் முந்நூறு பேர் தொண்டை கிழியக் கத்தியது அவர் வீட்டு கீசர் ஓடுவதற்கு.

புது டோக்கனுக்கு அவர் அக்கவுன்ட்டில் பணம் இல்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் 200 ரேண்ட் நோட்டை நீட்டினார். டிக்கெட்டும் நாமே, கரண்ட்டும் நாமே.

இதெல்லாம் நடந்து முடிய 23 நிமிஷம். இந்த 23 நிமிஷமும் அந்த ஹெட்லாக் விடப்படவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன். ஆளுக்கு ஆள் போன் டார்ச்சை ரிங் மேல் அடித்துப் பார்க்கிறோம், சிவப்பின் கக்கத்தில் பச்சையின் தலை அப்படியே இருக்கிறது. வில்லன் எதிராளியைப் பாதியில் விட்டுவிட்டு நின்றால் கதை கெட்டுவிடும் அல்லவா, அந்தத் தொழில் தர்மத்தைக் கட்டிக் காக்கிறார்கள். ஐந்தாம் நிமிஷம் இருவரும் முட்டி போட்டார்கள். பத்தாம் நிமிஷம் உட்கார்ந்துவிட்டார்கள். பதினைந்தாம் நிமிஷம் சிவப்பு கயிற்றில் சாய்ந்துகொண்டான், கக்கத்தில் தலை, தலைக்குக் கீழே பச்சை சௌகரியமாகக் கால் நீட்டிக்கொண்டிருக்கிறான். ரெஃப்ரி குனிந்து, விட்டுக்கொடுக்கிறாயா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கிறார். அவரும் கலைஞர்தான். ஒரு கட்டத்தில் யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒரு கையால் திறந்து தான் குடித்தான், அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கக்கத்துக்குள்ளும் கொஞ்சம் ஊற்றினான்.

"அப்பா, அவங்க ஏதோ பேசிக்கிறாங்க" என்றான் மகன். முதல் வரிசைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை யார் காரில் ரிங்கை ஏற்றுவது என்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

நான் திட்டவில்லை அவர்களை. அந்த இரண்டு பேருக்கும் கோயில் கட்டலாம். அதனால்தான் அடுத்து நடந்தது எனக்குத் தாங்கவில்லை.

புது டோக்கன் ஏறியது. லைட் வந்தது. ஹால் மொத்தமும் எழுந்து நின்று ஆரவாரம். பச்சை கையை ஆட்டுகிறான், மெல்ல எழுகிறான், காலைத் தரையில் உதைக்கிறான், இதோ, இதோ...

டிங் டிங் டிங்.

மைக்கில் அறிவிப்பு: இந்தப் போட்டிக்கு நேர வரம்பு 20 நிமிஷம். நேரம் முடிந்தது. ஆட்டம் டிரா. சாம்பியன் சாம்பியனாகவே தொடர்கிறார். எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.

இருட்டையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்களய்யா! எட்டே முக்கால் வரைக்கும் கடிகாரமே பார்க்கத் தெரியாதவர்கள், அந்த 23 நிமிஷத்தை மட்டும் தங்கம் நிறுக்கிற மாதிரி நிறுத்துக் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். ஹாலை பதினொரு மணிக்குச் சாவி கொடுக்க வேண்டுமாம். மணி அடித்த ஆளையே பிடித்துக் கேட்டேன். முகத்தில் சலனமே இல்லாமல், "ரூல் ரூல்தானே அண்ணா" என்றான். ரோஜாப்பூ குஷனில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

மாமா வாசல் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. காரில் ஏறிய பிறகுதான் ஆரம்பித்தார். அவர் மவுண்ட் எட்ஜ்கூம்பில் கரும்புத் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவர். இங்கே தெருக்கூத்துக்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர், அவர் சின்ன வயதில் விடிய விடிய நடக்குமாம். "நடுராத்திரியில கேஸ் லைட் புஸ்ஸுன்னு போயிரும் தம்பி. மத்தளக்காரன் நிறுத்த மாட்டான். இருட்டுலயே பாடுவானுங்க. துரியோதனன் தொடையில அடி வாங்காம எவன் வீட்டுக்குப் போவான்? இவனுங்க தொடையில அடிக்கிறானுங்க, ஆனா அவனவன் தொடையில." உதைக்கும்போது சத்தம் வருவதற்காகத் தன் தொடையில் தானே தட்டிக்கொள்வார்களே, அதை எப்போது கவனித்தாரோ மனுஷன்.

ஆக, ஸ்டார். 2017இல் டோக்கியோவில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் போட்ட மேட்சுக்கு ஐந்து ஸ்டார் போதாது என்று ரெஸ்லிங் விமர்சகர் டேவ் மெல்ட்சர் ஆறு கொடுத்தார். நானும் தாராளமாகத்தான் இருக்க நினைத்தேன். நேற்று எனக்கு ஸ்டார் தெரிந்தது கார் நிறுத்துமிடத்தில் அண்ணாந்து பார்த்தபோது மட்டும்தான். அதையும் மேகம் மூடிவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மகன் பின்னாலிருந்து வந்து கழுத்தில் ஹெட்லாக் போட்டுவிட்டான். விடுடா என்றால், "யூனிட் இல்லப்பா, டோக்கன் போடு" என்கிறான். இருபது நம்பர் வாய்க்கு வந்தபடி சொன்னேன். "பீப் பீப் பீப்" என்கிறான். சமையலறையிலிருந்து அவன் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்கிறது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் இன்னும் எரிச்சல்.

இவ்வளவையும் நான் மன்னித்துவிடுவேன். ஆனால் திரும்பி வரும் வழியில் பன்னி சௌ வாங்கினோம். புரட்டாசி, அதனால் மட்டன் கிடையாது, கால் ரொட்டிக்கு ஒன்று வீதம் நான்கு 'குவார்ட்டர்' பீன்ஸ். வீட்டில் வந்து பிரித்தால் ஒன்றிலும் மேலே மூடுகிற அந்த ரொட்டித் துண்டு இல்லை. ரொட்டியைக் குடைந்து எடுத்த துண்டு எங்கேய்யா போகும்? குழம்பில் தோய்த்துத் தின்ன முதலில் கை போவதே அதற்குத்தானே? நான்கு குவார்ட்டருக்கு நான்கு துண்டு. கடைக்கு இப்போதுதான் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம். மணி ஒன்பதே முக்கால். சாவியை எடுத்துக்கொண்டேன்.