வண்டிகளைக் கண்ட பிறகுதான்

பைபிளில், செத்துப்போனதாக நினைத்திருந்த மகன் யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்றதும் யாக்கோபு நம்பாததை விசுவாசக் குறைவு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோசேப்பு அண்ணன்மாரால் விற்கப்பட்டபோது வயது 17, செய்தி வரும்போது கணக்குப்படி 39. ஆக 22 வருடத் துக்கம். அதுவும், ஆட்டு இரத்தம் தோய்த்த அவன் அங்கியைக் காட்டி, செத்துப்போனதாக நம்பவைத்த அதே பிள்ளைகள்தானே சொல்கிறார்கள்! யோசேப்பு அனுப்பிய வண்டிகளைக் கண்ட பிறகுதான் கிழவருக்கு உயிர் வந்தது (ஆதியாகமம் 45:27).

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் பாட்டியும் அப்படித்தான். சிங்கப்பூர் போன மாமாவிடமிருந்து 9 வருடம் தகவலே இல்லை. அப்புறம் ஒருநாள் ஃபோன் வந்ததாகக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஆளனுப்பினார். "சும்மா இருங்கடா" என்று பாட்டி பால் வாளியைக் கழுவிக்கொண்டே இருந்தார். மாமா அனுப்பிய கைலி கைக்கு வந்ததும், மடிப்புகூடப் பிரிக்காமல் முகத்தில் பொத்திக்கொண்டு லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.