ப்ராஜெக்ட்டையும் வேறு வையுங்கள்

நம்ம செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைப்பார்கள். வீடு அதேதான், வளவும் அதேதான். ஆனால் அந்தப் புள்ளிக்கென்று (கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி) தனி அறை, தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்த தனிச் சாமான். கம்ப்யூட்டரில் ப்ராஜெக்ட்டுகளையும் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் அதற்கு வேண்டிய மொழி வெர்ஷனைத் தனியாக வைக்க வேண்டும், அதுவும் முதல் நாளிலேயே. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்கிற பிள்ளைகளும், கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறவர்களும் பலர் இதைச் செய்வதில்லை. மெஷின் முழுக்க ஒரே பைத்தான் (ப்ரோக்ராம் எழுதும் மொழி), எல்லா ப்ராஜெக்ட்டும் அதன் தலையில். புதிய வெர்ஷன் ஏற்றிய அன்று பழையது படுத்துவிடுகிறது.

சீனியர் கொடுத்த ப்ராஜெக்ட் டென்சர்ஃப்ளோ என்ற பேக்கேஜின் 1.15 வெர்ஷனைக் கேட்கிறது என்று வையுங்கள். அது பைத்தான் 3.7 வரைக்கும்தான். 3.12 இருக்கிற லேப்டாப்பில் பிப் (பேக்கேஜ் ஏற்றும் கட்டளை) கொடுத்தால், கேட்ட வெர்ஷன் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. நெட் சரியில்லை என்று நினைத்துப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். இன்னொன்று, 3.12-இல், பேக்கேஜ் கட்ட உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூலையே எடுத்துவிட்டார்கள். பழைய பேக்கேஜ்கள் பல இன்ஸ்டால் ஆகும்போதே விழுவது அதனால்தான். கோடில் தப்பே இருக்காது.

விண்டோஸில் வழி இது. டெர்மினலில் 'பை -0' அடித்தால் மெஷினில் இருக்கிற பைத்தான்கள் வரிசையாக வரும். வேண்டியது இல்லையென்றால் இறக்கிப் போடுங்கள். இன்ஸ்டாலரில் 'பாத்தில் சேர்' (பாத் என்பது மெஷின் ப்ரோக்ராம்களைத் தேடுகிற இடங்களின் பட்டியல்) என்ற டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் 'பை -3.9 -எம் வென்வ் .வென்வ்' அடியுங்கள்; 3.9 இருக்கிற இடத்தில் உங்களுக்கு வேண்டிய எண். இதில் உண்டாகிற .வென்வ் ஃபோல்டர்தான் ப்ராஜெக்ட்டின் தனி அடுப்பு. பிறகு வி.எஸ். கோட் எடிட்டரில் அந்த ஃபோல்டரையே திறந்து, கன்ட்ரோல் ஷிஃப்ட் பி (P) அழுத்தி, 'பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்' (இன்டர்ப்ரெட்டர் என்பது கோடை ஓட்டுகிற பைத்தான்) எடுத்து, .வென்வ் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பைத்தான் ஃபைல் திறந்திருந்தால் வலது கீழ் மூலையில் வெர்ஷன் எண் தெரியும். வேலை தொடங்குமுன் அந்த மூலையைப் பார்ப்பது பழக்கமாகட்டும். முன்பே திறந்து கிடந்த டெர்மினலை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பழையது பழைய பைத்தானையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்தபிறகும் 'மாட்யூல் இல்லை' என்று வந்தால், கோட் ரன்னர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா பாருங்கள். அதன் ரன் பட்டன் நீங்கள் தேர்ந்தெடுத்த இன்டர்ப்ரெட்டரைக் கேட்காது. செட்டிங்கை மாற்றாதவரை பாத்தில் இருக்கிற பைத்தானைத்தான் ஓட்டும். இன்னொன்று: செட்டிங்ஸ் ஃபைலில் டீஃபால்ட் இன்டர்ப்ரெட்டர் பாத்தை மாற்றியும் எடிட்டர் கண்டுகொள்ளவில்லை என்பார்கள். ஏற்கெனவே கையால் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. 'கிளியர் வொர்க்ஸ்பேஸ் இன்டர்ப்ரெட்டர் செட்டிங்' கொடுத்தபிறகு புதியது ஏறும். 3.7 போன்ற பழைய வெர்ஷனுக்கு எடிட்டரின் இன்றைய டீபக்கர் (பிழை தேடும் கருவி) கைகொடுக்காது, டெர்மினலில் ஓட்டிக்கொள்ளுங்கள்.

பென் டிரைவில் .வென்வ் ஃபோல்டரையும் சேர்த்து நண்பனுக்குக் கொடுப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஃபோல்டருக்குள் பைவென்வ்.சிஎஃப்ஜி என்று சிறிய ஃபைல் இருக்கும், நோட்பேடில் திறந்து பாருங்கள். 'ஹோம்' என்ற வரியில் உங்கள் மெஷினில் பைத்தான் இருக்கிற முழு முகவரி, உங்கள் யூசர் பெயரோடு; கீழே 'வெர்ஷன்' வரியில் 3.9.13 மாதிரி ஒரு எண். நண்பனுடைய மெஷினில் அந்த முகவரி கிடையாது. 'இங்கே பைத்தான் இல்லை' என்று உங்கள் யூசர் பெயரைக் காட்டி எரர் வரும். கொடுக்க வேண்டியது சாமான் பட்டியல்: பிப் ஃப்ரீஸில் எடுத்த ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல். அதில் பைத்தான் எண் வராது, அதனால் அந்த எண்ணை மட்டும் எழுதிய .பைத்தான்-வெர்ஷன் என்ற ஒருவரி ஃபைலும் கூட வேண்டும். அடுப்பை அவர் வீட்டில் புதிதாகப் போட்டுக்கொள்ளட்டும்.

உபுண்டு லினக்ஸ் 24.04-இல் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் போட்டால் மறுத்துவிடும். நெட்டில் பார்த்து 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' சேர்த்து அடிக்காதீர்கள். சிஸ்டத்தின் சொந்த வேலைகளுக்கும் அந்தப் பைத்தான்தான். பல பைத்தான் வெர்ஷன்களை வைத்துக்கொள்ள பைஎன்வ் நல்ல கருவி, ஆனால் சோர்ஸிலிருந்து உங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்யும். குறியாக்கத்துக்கான ஓபன் எஸ்.எஸ்.எல். டெவலப்மெண்ட் பேக்கேஜ் இல்லையென்றால் கம்பைலே பாதியில் விழும்; எஸ்.க்யூ.லைட் டேட்டாபேஸுடையது இல்லையென்றால் அந்த மாட்யூல் இல்லாத அரைகுறைப் பைத்தான்தான் கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் ஓட்டு யூவி என்ற கருவிக்கு. தயாராகக் கட்டிய பைத்தானை இறக்கிவிடும், கம்பைல் தொல்லை இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுகிற நோடிலும் இதே கதைதான். 17-ஆம் வெர்ஷனிலிருந்து ஓபன் எஸ்.எஸ்.எல். 3 வந்தது, கோட் ஃபைல்களைச் சேர்த்துக் கட்டுகிற வெப்பேக் 4 போட்ட பழைய ப்ராஜெக்ட்டுகள் பில்ட் ஆகும்போது 'அன்சப்போர்ட்டட்' என்று விழும். பழைய குறியாக்க முறைகளைத் திரும்ப அனுமதிக்கிற லெகசி ப்ரொவைடர் ஆப்ஷன் ஒட்டுப்போடும் வேலை. நோட் வெர்ஷனைக் குறிக்கிற .என்விஎம்ஆர்சி ஃபைலில் 16 என்று எழுதி அப்போதைக்கு ஓட்டுங்கள், ஆனால் நோட் 16-க்கு 2023 செப்டம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் சர்வரில் வெளியே திறந்து வைக்கிற வேலையென்றால் வெப்பேக் 5-க்கு மாற்றிவிட்டு மேலே ஏறுவதுதான் சரி.

பி.ஹெச்.பி. பில்லிங் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மைஎஸ்க்யூஎல் கனெக்ட் ஃபங்ஷன் பி.ஹெச்.பி. 7.0-இல் போனது, ஈச் ஃபங்ஷன் 8.0-இல் போனது. எடிட்டர் எந்த பி.ஹெச்.பி.யை வைத்துப் பிழை பார்க்க வேண்டும் என்பதை 'வேலிடேட் எக்சிகியூட்டபிள் பாத்' செட்டிங்கில், கடையில் ஓடுகிற அதே வெர்ஷனுக்குக் கொடுங்கள். அப்படியும் எழுதும் முறையில் உள்ள பிழைக்கு மட்டும்தான் எடிட்டரில் சிவப்புக் கோடு வரும்; போன ஃபங்ஷன்களுக்கு வராது, கடையில் பில் அடிக்கும்போதுதான் தெரியும்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'சாஃப்ட்வேர் தேவை' என்ற பக்கத்தில் வெறுமனே 'பைத்தான்' என்று எழுதினால் ஏற்காதீர்கள். 3.9.13 என்று முழு எண்ணோடு கேளுங்கள், .பைத்தான்-வெர்ஷன் ஃபைலும் சிடியில் இருக்கிறதா பாருங்கள். அடுத்த வருஷம் அதே ப்ராஜெக்ட்டை எடுத்துத் தொடரப்போகிற பிள்ளைக்கு அந்த ஒரு வரி இரண்டு வார வேலையை மிச்சம் பண்ணும்.