ஒரே புள்ளியில் கூடும் கோடுகள்

பயிற்சிக் கப்பலில் கேடட்களுக்கு நேவிகேஷன் சொல்லிக்கொடுத்த வருடங்களில், நான் அதிகம் சந்தேகப்பட்டது அழகாக இருக்கும் சார்ட்டைத்தான், அதாவது கப்பலின் இடத்தைக் குறிக்கும் கடல் வரைபடத்தை.

கரை தெரியும் தூரத்தில் போகும்போது கலங்கரை விளக்கம், மலை முனை, கோபுரம் என்று மூன்று அடையாளங்களுக்குக் காம்பஸில் பேரிங் (அது எந்தத் திசையில் இருக்கிறது என்ற டிகிரி) எடுத்து, சார்ட்டில் மூன்று கோடுகள் போட வேண்டும். மூன்றும் வெட்டும் இடத்தில் கப்பல். பாடப்புத்தகத்தில் அவை ஒரே புள்ளியில் வெட்டும். கடலில் அப்படி வெட்டுவது அபூர்வம். கப்பல் ஆடிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கிறது, முதல் பேரிங்குக்கும் மூன்றாவதற்கும் நடுவே சில வினாடிகள் போய்விடுகின்றன. பத்து மைல் தள்ளியிருக்கும் விளக்குக்கு ஒரு டிகிரி தவறினாலே கோடு 300 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதனால் ஒரு சின்ன முக்கோணம் விழும். 'காக்டு ஹேட்' என்று அதற்குப் பெயர். முன்னாலோ பின்னாலோ இருக்கும் அடையாளத்தை முதலில் எடுத்து, பக்கவாட்டில் வேகமாக நகர்வதைக் கடைசியில் எடுத்து, அந்த நேரத்தையே குறித்துக்கொண்டால் முக்கோணம் சிறுக்கும். அப்போதும் மறையாது.

ஆனால் சில கேடட்களின் சார்ட்டில் மட்டும் ஒவ்வொரு முறையும் மூன்று கோடுகளும் ஊசி முனையில் கூடும். எப்படி? எனக்குத் தெரியும், நானும் செய்திருக்கிறேன். இரண்டு கோடு போட்டுவிட்டு, மூன்றாவது எங்கே போக வேண்டுமோ அங்கே போடுவது, பிறகு அதற்கேற்ற டிகிரியை நோட்டில் எழுதிக்கொள்வது. நான் கேடட்டாக இருந்தபோது, முக்கோணம் கொஞ்சம் பெரிதானால் எல்லோர் முன்னாலும் வைத்துத் திட்டும் ஓர் அதிகாரி இருந்தார். ஒரே வாரத்தில் எங்கள் பேட்ச் முழுக்க ரப்பரும் கையுமாக அலைந்தது. அவருக்கு ரொம்ப சந்தோஷம், பையன்கள் தேறிவிட்டார்கள் என்று.

இது சின்ன விஷயம் இல்லை. 1995 ஜூனில் ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் போனது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை; வேகத்தையும் திசையையும் வைத்துத் தானே கணக்குப் போட்டு இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. திரையின் மூலையில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை, அதை யாரும் கவனிக்கவில்லை. சுமார் 34 மணி நேரம் கழித்து நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் ஏறியபோது, கப்பல் இருக்க வேண்டிய பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அந்தக் கதையில் கேபிளைவிட என்னை உறுத்துவது வேறொன்று. வழியில் தெரிய வேண்டிய மிதவை தெரியாதபோதும், தெரிந்தது என்று அந்த நேரம் கப்பலைக் கவனித்துக்கொண்டிருந்த வாட்ச் அதிகாரி கேப்டனிடம் சொல்லிவிட்டார். ஜிபிஎஸ் பாதையில் இருப்பதாகக் காட்டுகிறதே, அப்படியானால் மிதவையும் அங்கேதான் இருக்கும் என்ற நினைப்பு. ரப்பரை எடுக்கும் கேடட்டின் நினைப்பும் இதேதான், வயது மட்டும் கூடியிருக்கிறது.

அடிவானத்திலிருந்து சூரியனோ நட்சத்திரமோ எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கோணம் அளந்து இடம் கண்டுபிடிக்கும் செக்ஸ்டன்ட், ஜிபிஎஸ் வந்த பிறகும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வழக்கமாக வரும் பதில், சாட்டிலைட் போய்விட்டால் என்ன செய்வது என்பது. அதுவும் சரிதான். அமெரிக்கக் கடற்படை அகாடமி 1990களின் கடைசியில் நட்சத்திரம் பார்க்கும் பாடத்தைக் குறைத்துவிட்டு, 2015இல் திரும்பக் கொண்டுவந்தது. என் காரணம் வேறு. செக்ஸ்டன்டில் ஒரு கலை (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அளவு தவறினால் ஒரு கடல் மைல் தவறும். கடிகாரத்தில் நான்கு வினாடி பிசகினால் தீர்க்கரேகை ஒரு கலை தள்ளிப்போகும். தன் கை நடுங்கியதற்கு எத்தனை மைல் என்று கேடட்டே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் காட்டும் திரை இதைச் சொல்லித்தராது.

முடிச்சு, கயிறு, படகு இறக்குவது எல்லாம் கை பழகினால் வந்துவிடும். "எனக்குச் சரியா தெரியலை சார்" என்று சொல்லத்தான் நாள் பிடிக்கிறது. அதைச் சொல்பவனை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது அது. நான் சார்ட் மேஜையிலிருந்து ரப்பரை எடுத்துவிட்டேன். முக்கோணம் விழுந்தால் விழுந்தபடியே இருக்கட்டும், ஏன் விழுந்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுது, அவ்வளவுதான். கப்பலில் இதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு.

ஒருநாள் ராத்திரி மூன்றரை மணிக்கு கேபினுக்கு போன். "சார், முக்கோணம் ரொம்பப் பெரிசா வருது. மூணு தடவை எடுத்துட்டேன்." சட்டையை மாட்டிக்கொண்டு, கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜுக்கு ஏறினேன். அவன் பேரிங் எல்லாம் கச்சிதம். விளக்குதான் தப்பு. 15 வினாடிக்கு ஒருமுறை மின்ன வேண்டியதற்குப் பதிலாக, 10 வினாடிக்கு ஒருமுறை மின்னும் அடுத்த விளக்கைப் பிடித்திருந்தான். ஸ்டாப்வாட்சை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம்.